காற்றாலைக்கும் கூரைச் சூரிய மின்சாரத்துக்கும் மின்வாரியம் செய்வது என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் சுழல்கின்றன, கோதையாற்றில் நீர்மின் நிலையம் இருக்கிறது, வீட்டுக் கூரையில் சோலார் வையுங்கள் என்று அரசும் சொல்கிறது. அப்படியிருந்தும் ஆடிக் காற்று வீசும்போதுதான் எங்கள் ஊரில் மின்சாரம் போகிறது, சோலார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலும் அந்த நேரத்தில் விளக்கு எரிவதில்லை. பொதுத்துறை மின் நிறுவனம் இந்த வகை மின்சாரத்துக்கு உண்மையில் துணை நிற்கிறதா, அல்லது பேச்சோடு சரியா?

துணை நிற்கிறது என்பதே என் பதில். ஆனால் அந்தத் துணை, விளம்பரத் தட்டிகளில் நாம் பார்க்கும் இடத்தில் இல்லை. காற்றும் வெயிலும் தாங்கள் விரும்பிய நேரத்தில் தரும் மின்சாரத்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, நாம் விரும்பிய நேரத்தில் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை அந்த நிறுவனம் ஏற்றிருக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் தருவது என்பதில்தான் காற்றாலை உரிமையாளர்களும் நூற்பாலைகளும் மின்வாரியமும் முப்பது ஆண்டுகளாக இழுபறி செய்கிறார்கள். உங்கள் வீட்டு மீட்டரும் இப்போது அந்த வழக்கில் ஒரு சிறு கட்சிக்காரராகச் சேர்ந்திருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1957 ஜூலையில் உருவான தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் பிரிக்கப்பட்டு, உற்பத்தியும் பகிர்மானமும் டான்ஜெட்கோவுக்கும், உயரழுத்தத் தொடரமைப்பு டான்டிரான்ஸ்கோவுக்கும் போயின. 2024-இல் டான்ஜெட்கோவும் பிரிந்து, பகிர்மானத்துக்கு ஒரு கழகம், அனல் முதலிய உற்பத்திக்கு ஒரு கழகம், பசுமை ஆற்றலுக்கு ஒரு கழகம் என்றானது. 1985 முதல் இயங்கிவந்த தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமையான 'டெடா' இந்தப் பசுமை ஆற்றல் கழகத்துக்குள் சேர்ந்துவிட்டது. நாகர்கோவிலில் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகம் இருக்கும் கன்னியாகுமரி மின் பகிர்மான வட்டம் பகிர்மானக் கழகத்தின் கீழ் வருகிறது. மக்கள் வாயில் எல்லாமே இன்னும் இ.பி.தான், இந்தப் பதிலிலும் வசதிக்காக மின்வாரியம் என்றே எழுதுகிறேன்.

கேள்வியின் கூர்மையான பகுதி, காற்று வீசும்போது மின்சாரம் ஏன் போகிறது என்பது. முப்பந்தல் காற்றாலைகள் தரும் மின்சாரம் தக்கலைக்கென்று தனியாக வருவதில்லை. ஒவ்வொரு காற்றாலையும் தன் அடியிலிருக்கும் சிறு மின்மாற்றி வழியாக 11 அல்லது 33 கிலோவோல்ட்டுக்கு உயர்த்திக் கொடுப்பதைத் துணை மின்நிலையம் வாங்கி, 110 கிலோவோல்ட்டுக்கும் அதற்கு மேலும் உயர்த்தி, மாநிலம் முழுவதையும் இணைக்கும் மின்வலையான மாநிலத் தொகுப்பில் சேர்க்கிறது. அங்கிருந்து உங்கள் தெருவுக்கு வரும் கடைசிப் பாதை, துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் கம்பித்தடமான 11 கிலோவோல்ட் ஃபீடரும் அதன்பின் தாழ்வழுத்தக் கம்பியும். நம் மாவட்டத்தில் இந்தக் கடைசிப் பாதை தென்னைக்கும் பலாவுக்கும் ரப்பருக்கும் நடுவே போகிறது. ஆடியில் ஒரு தென்னமட்டை விழுந்தால் போதும், ஃபீடர் அணைந்துவிடும். தொகுப்பில் மின்சாரம் உபரியாக இருக்கும் அதே மணி நேரத்தில் உங்கள் வீடு இருட்டாக இருப்பது இதனால்தான். உறை போட்ட கம்பி, மரக்கிளை வெட்டு, நீளமான ஃபீடரைப் பிரித்தல் ஆகியவை இதற்கான மருந்து. இன்னும் நூறு காற்றாலை நட்டாலும் இந்தக் குறை தீராது. 2017 ஒக்கிப் புயலில் மாவட்டம் நாள்கணக்கில் இருளில் கிடந்ததும் கம்பங்கள் சாய்ந்ததால்தான்.

இனி காற்றாலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. அதைத் தொடர்ந்து முப்பந்தல், கயத்தாறு போன்ற இடங்களிலும் மின்வாரியமே செயல்விளக்கப் பண்ணைகளை நிறுவியது. வாரியத்தின் சொந்தக் காற்றாலைத் திறன் கடைசிவரை 20 மெகாவாட்டைத் தாண்டவில்லை. மாநிலத்தின் மொத்தக் காற்றாலைத் திறனோ இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சொந்தமாக நட்டது இவ்வளவு குறைவு என்பதை வைத்து மின்வாரியம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இங்கே காற்று போதுமான வேகத்தில் வீசுகிறது, இயந்திரம் ஓடுகிறது, ஓடினால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற மூன்றையும் பொதுப்பணத்தில் நிரூபித்துக் காட்டியதால்தான் தனியார் பணம் வந்தது. வருமான வரியில் கிடைத்த விரைவுத் தேய்மானக் கழிவு, அதாவது இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியை ஆரம்ப ஆண்டுகளிலேயே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை, அந்தப் பணத்தை ஈர்த்த பெரிய காந்தம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

காற்று ஏன் இங்கே என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் விட்டுவைத்த இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாயில் நெருக்கப்பட்டு வேகமெடுத்து, காவல்கிணறு, பணகுடி, பழவூர் வெளியில் பாய்கிறது. முப்பந்தல் பகுதி என்று பொதுவாகச் சொல்லப்படும் சுமார் 1,500 மெகாவாட் திறனில் கணிசமான பகுதி திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள் நிற்கிறது என்பதை மட்டும், நம் ஊர்ப் பெருமை பேசும்போது நினைவில் வைக்க வேண்டும்.

காற்றாலை நட்டவர்கள் முதலில் மோதிக்கொண்டது கம்பியோடு. இயந்திரத்தைச் சில மாதங்களில் நட்டுவிடலாம். அதிலிருந்து வரும் மின்சாரத்தை எடுத்துச்செல்லும் உயரழுத்தத் தடத்துக்கு நிலம், வழியுரிமை, கோபுரம் என்று ஆண்டுகள் ஆகும். ஆரம்பகாலத்தில் காற்றாலைகள் கிடைத்த 11 கிலோவோல்ட் கம்பிகளிலேயே தொங்கின. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோவதற்கென்று போட்ட கம்பி, திடீரென்று எதிர்த்திசையில் சுமை தூக்க வேண்டியதாயிற்று. பிறகு காற்றாலைக்கென்றே துணை மின்நிலையங்களும், அவற்றைக் கயத்தாறு போன்ற 400 கிலோவோல்ட் மையங்களோடு இணைக்கும் தடங்களும் வந்தன. மத்திய அரசின் பசுமை ஆற்றல் வழித்தடத் திட்டத்தில் கயத்தாறிலிருந்து காரைக்குடி வழியாகப் புகளூர் வரை 400 கிலோவோல்ட் தடம் போடப்பட்டதும் இதன் தொடர்ச்சிதான்.

மாநிலத்துக்கு வெளியே அனுப்புவது அதைவிடப் பெரிய சிக்கலாக இருந்தது. 2013 டிசம்பர் 31 வரை தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு ஒத்திசைவில் இணையாமல் தனியாக இயங்கியது. அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைக்கப்பட்ட பிறகுதான் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் ஓடும் தொகுப்பானது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கருக்கும் புகளூருக்கும் இடையே 800 கிலோவோல்ட் நேர்திசை மின் (டி.சி.) தடம் 6,000 மெகாவாட் திறனோடு வந்தது. வடக்கிலிருந்து இறக்கவும், காற்றுக்காலத்தில் இங்கிருந்து ஏற்றவும் அதனால் முடியும். முப்பந்தலில் ஒரு காற்றாலை நிறுத்தப்படாமல் ஓடுவதற்கு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தடம் காரணமாக இருக்கலாம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கண்ணில் படாத செய்தி.

இன்னொரு நுட்பமான விஷயம், வெளியே அதிகம் பேசப்படாதது. தொண்ணூறுகளில் நிறுவிய 225, 250 கிலோவாட் இயந்திரங்களில் பெரும்பாலானவை தூண்டல் வகை மின்னாக்கிகள். அவை மின்சாரம் கொடுக்கும்போதே, தங்கள் காந்தப்புலத்தை உண்டாக்கத் தேவையான எதிர்வினைத் திறனைத் தொகுப்பிலிருந்து உறிஞ்சுகின்றன. ஒரே துணை மின்நிலையத்தில் இப்படி நூறு இயந்திரங்கள் இருந்தால் அந்த வட்டாரத்தின் மின்னழுத்தமே சரியும். கெப்பாசிட்டர் வைத்துச் சரிசெய்ய வேண்டியது காற்றாலை உரிமையாளரின் கடமை. அதைத் தனியாக அளந்து, வரம்பு மீறினால் கட்டணம் போடுவது மின்வாரியத்தின் நடைமுறை. உரிமையாளர்கள் இதைத் தொல்லை என்றே சொல்லிவந்தார்கள். ஆனால் இந்த அளவீடு இல்லையென்றால் அக்கம்பக்கத்து ஊர்களில் மோட்டார்கள் இழுக்காமல் போயிருக்கும். புதிய இயந்திரங்கள் மின்னணுக் கட்டுப்பாட்டோடு வருவதால் இந்தத் தொல்லை அவற்றில் மிகவும் குறைவு.

இப்போது கணக்குக்கு வருவோம். ஏனெனில் மின்வாரியம் கொடுத்த மிகப் பெரிய ஆதரவும் மிகப் பெரிய சச்சரவும் ஒன்றேதான்: யூனிட் சேமிப்பு, ஆங்கிலப் பெயரால் எல்லோரும் சொல்லும் 'பேங்கிங்'. கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருக்கும் ஒரு ஆலை முப்பந்தலில் காற்றாலை வைத்திருக்கிறது. ஆனி, ஆடியில் அது தன் தேவைக்கு மேல் யூனிட்டைக் குவிக்கிறது. மாசி, பங்குனியில் இறக்கை அசைவதே அபூர்வம். குவிந்ததை மின்வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு, நிதியாண்டு முடிவதற்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுவடையில் ஊரெல்லாம் நெல் குவிந்திருக்கும்போது அளந்து கொடுத்துவிட்டு, விலை ஏறிய மாதத்தில் அதே நெல்லை மரக்கால் குறையாமல் திரும்பப் பெறுவதற்கு ஒப்பானது இது.

கொடுத்தவருக்கு லாபம் என்பது தெளிவு. வாங்கி வைத்தவர் உண்மையில் எதையும் 'வைக்கவில்லை' என்பதுதான் சிக்கல். மின்சாரம் குதிரில் நிற்காது. ஜூலை இரவில் வந்த யூனிட்டை அப்போதே யாருக்காவது கொடுத்தாக வேண்டும். மார்ச் மாலையில் திருப்பித் தர வேண்டிய யூனிட்டை அன்றைய சந்தை விலையில் வாங்கியாக வேண்டும். இந்த விலை வேறுபாட்டை ஈடுகட்டக் கழிக்கும் பங்கு ஒரு காலத்தில் 5 சதவீதமாக இருந்து, பின்னர் 12, 14 என்று உயர்ந்தது. 2018-க்குப் பின் நிறுவப்படும் காற்றாலைகளுக்கு ஆண்டுக் கணக்கிலான சேமிப்பு இல்லை என்று, மின் கட்டணத்தையும் விதிகளையும் வகுக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவெடுத்தது. உரிமையாளர்கள் இதைத் துரோகம் என்றார்கள். வழக்குகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போயின. என் பார்வையில், தொழில் குழந்தையாக இருந்தபோது கொடுத்த சலுகையை அது வளர்ந்தபின் குறைப்பது தவறில்லை. ஆனால் கொடுத்த வாக்கை நடுவழியில் மாற்றுவதும், அதைவிட மோசமாக, வாங்கிய மின்சாரத்துக்கான பணத்தை ஓராண்டுக்கு மேல் நிலுவையில் வைத்ததும் சரியென்று சொல்ல முடியாது. 2010-களில் தமிழ்நாட்டில் புதிய காற்றாலை முதலீடு தளர்ந்ததற்கு இந்த நிலுவை ஒரு முக்கியக் காரணம்.

கம்பியும் கணக்கும் இருந்தாலும் சமன் செய்யும் வேலை பாக்கி இருக்கிறது. 2022 ஜூலை 9 அன்று தமிழ்நாட்டின் காற்றாலைகள் ஒரே நாளில் சுமார் 12 கோடி யூனிட் கொடுத்தன. காற்று ஓய்ந்த ஒரு நாளில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மொத்தத் தொகுப்பின் அதிர்வெண் 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையே நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே காற்று ஏறும்போது சென்னையிலிருக்கும் மாநில மின்பளு மையம் தூத்துக்குடி முதலிய அனல் நிலையங்களைக் குறைக்கச் சொல்கிறது. அவையும் பொதுவாக 55 சதவீதத்துக்குக் கீழே போக விரும்புவதில்லை. கூடங்குளத்தின் அணு உலைகள் இரண்டும் தலா 1,000 மெகாவாட்டில் சீராக ஓடுபவை, காற்றுக்காக ஏறி இறங்குபவை அல்ல. இந்த நெருக்கடியில் கைகொடுப்பது கோவை மாவட்டத்துக் காடம்பாறை: 400 மெகாவாட் திறனுள்ள நீரேற்று நிலையம், உபரி நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் தருவது.

நம் கோதையாற்றை இதில் எங்கே வைப்பது? முதல் நிலையம் 60, இரண்டாவது 40, ஆக 100 மெகாவாட். சில நிமிடங்களில் ஏற்றி இறக்கக்கூடியது என்பதால் காற்றுக்கு நல்ல துணை. ஆனால் இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. மின்னாக்கியைச் சுற்றிவிட்டு வரும் நீர் பேச்சிப்பாறைக்கும் அங்கிருந்து வயலுக்கும் போக வேண்டியது. மின்சாரத்துக்காக நீரை இருத்திவைக்கும் முடிவை மின்வாரியம் தனியாக எடுத்துவிட முடியாது. பாசனத் தேவை முன்னே நிற்கும்.

சமன் செய்ய முடியாதபோது கடைசி வழி, காற்றாலையை நிறுத்தச் சொல்வது. சட்டப்படி காற்றும் சூரியனும் கட்டாயம் இயக்கப்பட வேண்டிய நிலையங்கள்; தொகுப்பின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம். விலை மலிவான வேறு மின்சாரம் கிடைக்கிறது என்பதற்காக நிறுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களை அப்படி நிறுத்தியது பற்றிய வழக்கில் 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு தரச் சொன்னது. 2015 முதல் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் துணையோடு காற்றின் முன்கணிப்பு நடைமுறைக்கு வந்த பிறகு இந்த நிறுத்தங்கள் வெகுவாகக் குறைந்தன. நாளைக்குக் காற்று எவ்வளவு என்று முன்னதாகத் தெரிந்தால், அனல் நிலையத்தை இன்றே அணைத்துவைக்கலாம் அல்லவா?

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், உங்கள் கூரையில் நடப்பதும் இதே விவகாரத்தின் சிறு வடிவம் என்பதுதான். பகலில் உங்கள் பேனல் தரும் மின்சாரத்தில் வீட்டுக்குப் போக மிஞ்சியது தெருக் கம்பிக்குப் போகிறது. இரவில் அங்கிருந்து எடுக்கிறீர்கள். இருதிசை மீட்டர் இரண்டையும் தனித்தனியே எண்ணும். அந்த மீட்டரின் முன் சிறிது நேரம் நின்று பார்த்தால், திரையில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவரும்: தேதி, மின்னழுத்தம், வாங்கிய யூனிட், கொடுத்த யூனிட், எதிர்வினைத் திறன். கணக்கெடுக்க வருபவர் இவற்றுள் வாங்கியதையும் கொடுத்ததையும் எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார். புதிதாக இணைத்த முதல் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இந்த இரண்டு எண்களையும் நீங்களே கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது நல்லது. பில்லில் பழைய மீட்டரின் எண் தொடரும் குழப்பம் அந்த நேரத்தில்தான் வரும்.

வீட்டு இணைப்புகளுக்கு இப்படி யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங் முறை உண்டு. ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் தொடங்கிவைத்து, 2021 விதிமுறைகளில் திருத்தியமைத்தது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியபோது, 10 கிலோவாட் வரையிலான வீட்டுச் சூரிய அமைப்புக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வே தேவையில்லை என்றும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆய்வை 15 நாளில் முடிக்க வேண்டும் என்றும், 5 கிலோவாட் வரை உங்கள் இணைப்புக்காக வலைப்பின்னலை வலுப்படுத்த நேர்ந்தால் அந்தச் செலவு மின்வாரியத்தையே சேரும் என்றும் வந்தது. இது வெறும் சலுகை அன்று, கேட்டுப் பெறக்கூடிய உரிமை. பிரிவு அலுவலகத்தில் யாராவது வேறு மாதிரி சொன்னால் விதியைப் பணிவாக நினைவூட்டலாம். அதே மாதம் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம்.

இது உங்களுக்குக் கட்டுமா என்பது உங்கள் இருமாத யூனிட்டைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். கணக்கு எளிதாக இருக்க, 2022 செப்டம்பர் கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதன்பின் சிறிது ஏறியிருக்கிறது, ஆனால் வடிவம் மாறவில்லை. இரு மாதத்துக்கு 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்குப் பில் 675 ரூபாய். அந்த வீட்டில் சோலார் வைத்து முழுவதையும் மிச்சப்படுத்தினாலும் மாதத்துக்கு 340 ரூபாய்க்குள்தான். 700 யூனிட் எரிக்கும் வீட்டுக்கோ 3,650 ரூபாய் வரும். அங்கே 2 கிலோவாட் அமைப்பு, ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்ற பொதுச் சராசரிப்படி, 60 நாளில் 480 யூனிட் கொடுத்தால், மீதி 220 யூனிட்டுக்கு 315 ரூபாய் போதும். மேல்படிகளில் எரியும் யூனிட்தான் விலை உயர்ந்தது. சோலார் முதலில் வெட்டுவது அந்தப் படிகளைத்தான். ஆணையம் விதிக்கும் வலைப்பின்னல் கட்டணம் உங்கள் இணைப்புக்குப் பொருந்துமானால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் பார்க்கும் நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் உற்பத்தி அந்தச் சராசரிக்குக் கீழேதான் இருக்கும். தென்னை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு தொடராக இணைந்த மற்றவையும் தளர்ந்துவிடும்.

பக்கத்து வீட்டு சோலார், மின்சாரம் போனபோது ஏன் எரியவில்லை என்றீர்கள். அது கோளாறு இல்லை, கட்டாயம். தொகுப்போடு இணைந்த இன்வெர்ட்டர் (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்றதாக மாற்றும் பெட்டி), தெருக் கம்பியில் மின்னழுத்தம் இல்லையென்று கண்டவுடன் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டுத் தொழில்நுட்பத் தர விதி. மட்டை விழுந்து அறுந்த கம்பியை இணைக்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு, மேலே மின்மாற்றியின் ஃபியூஸைப் பிடுங்கியாயிற்று என்ற நம்பிக்கைதான் உயிர்க்காப்பு. உங்கள் கூரை அந்தக் கம்பிக்குப் பின்பக்கத்திலிருந்து மின்சாரம் ஊட்டினால் அந்த நம்பிக்கை பொய்த்துவிடும். இணைப்புக் கொடுக்கும் நாளில் பொறியாளர் மெயின் சுவிட்சை அணைத்து, இன்வெர்ட்டர் இரண்டு வினாடிக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது வெறும் சடங்கு அன்று. மின்சாரம் திரும்பிய பிறகும் அது உடனே ஓடாது. குறைந்தது ஒரு நிமிடம் நிலைபெற்றதா என்று பார்த்த பின்னரே சேரும். மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதன் விலையும் பேட்டரி மாற்றும் செலவும் தனி.

குலசேகரம், திற்பரப்பு பக்கம் மலையடிவாரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரலாம். அங்கே ஒரு மின்மாற்றியிலிருந்து தாழ்வழுத்தக் கம்பி வெகுதூரம் நீண்டு கிடக்கும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்சியும் ஓடும்போது கம்பியின் கடைசி வீட்டில் மின்னழுத்தம் சரியும் என்பது எல்லோருக்கும் பழக்கம். நடுப்பகலில் வீடுகள் பூட்டிக்கிடக்க, இரண்டு மூன்று கூரைகள் ஒரே நேரத்தில் மின்சாரம் ஏற்றினால் அதே கடைசி வீட்டில் மின்னழுத்தம் உயரும். 230 வோல்ட்டுக்கு மேல் பத்து சதவீதம், அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் நின்றுவிடும். நல்ல வெயிலில் சோலார் விட்டுவிட்டு ஓடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பேனல் விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மின்மாற்றி தரும் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் டேப் அமைப்பை மாற்றுவது, கனமான கம்பி போடுவது, சுமையை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போடுவது ஆகியவை மின்வாரியத்தின் கையில் இருக்கும் தீர்வுகள். கூரைச் சூரிய மின்சாரத்துக்கு ஒரு மின் நிறுவனம் எவ்வளவு ஆதரவு தருகிறது என்று எடைபோட எனக்குக் கிடைத்த சிறந்த அளவுகோல், இப்படி ஒரு புகாருக்கு அது மின்மாற்றிக்கு ஆள் அனுப்புகிறதா என்பதே.

தொழில் இணைப்புகளின் நிலை வேறு. கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைகளும், குளச்சல், முட்டம் கடற்கரை ஐஸ் ஆலைகளும் வீட்டைப் போல யூனிட்டுக்கு யூனிட் கழிக்க முடியாது. மிஞ்சி வெளியே போகும் யூனிட்டுக்கு ஆணையம் வகுத்த குறைந்த விலைதான் கணக்கில் வரும். ஆகவே அவர்கள் கூரை முழுவதையும் நிரப்பும் ஆசையை விட்டு, பகலில் தாங்கள் எரிக்கும் அளவுக்கு மட்டும் வைப்பதே கெட்டிக்காரத்தனம். இரவும் பகலும் கம்ப்ரசர் ஓடும் ஐஸ் ஆலைக்கு இது நன்றாகவே பொருந்தும்; ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிடும் முந்திரி ஆலைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கடலோரத்தில் வைப்பவர்கள் தாங்குசட்டத்துக்கு நன்றாகத் துத்தநாகம் முலாமிட்ட இரும்போ அலுமினியமோ கேட்டு வாங்க வேண்டும். உப்புக்காற்று மற்றதைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும்.

மின்வாரியம் தயங்கும் இடமும் இங்கேதான் இருக்கிறது, அதை நேராகச் சொல்லிவிடுவது நியாயம். 700 யூனிட் எரிக்கும் வீடும், முந்திரி ஆலையும், நூற்பாலையும்தான் அடக்கவிலைக்கு மேல் பணம் கட்டுபவர்கள். 100 யூனிட் இலவசத்தையும் விவசாய இலவச மின்சாரத்தையும் தாங்குவது, அரசு தரும் மானியத்தோடு சேர்ந்து, இவர்களின் பில். சோலார் வைப்பவர்களும் காற்றாலை வாங்குபவர்களும் இவர்களே. ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய திரண்ட நட்டத்தோடு நடக்கும் நிறுவனம், தன் நல்ல வாடிக்கையாளர் ஒவ்வொருவராகக் குறைவதை உற்சாகமாக வழியனுப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே சமயம், பகல் நேரத்தில் உங்கள் கூரை தரும் யூனிட் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டியதில்லை. வழியிலேயே கரையும் இழப்பும், கோடை உச்சத்தில் வெளிச்சந்தையில் வாங்கும் செலவும் அந்த அளவுக்குக் குறைகின்றன. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாளின் பிற்பகலில் ஒவ்வொரு கூரையும் உதவிதான். அதே நாளின் இரவு ஒன்பது மணிக்கு அது உதவாது. சோலாரை விடச் சேமிப்புத்தான் இனி முக்கியம் என்று பொறியாளர்கள் சொல்வதும், நீலகிரியில் குந்தா நீரேற்று நிலையம் 500 மெகாவாட்டில் கட்டப்படுவதும் இதை வைத்துத்தான்.

முப்பந்தலின் பழைய இயந்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் இடத்தில், முப்பது மீட்டர் உயரக் கோபுரத்தில் கால் மெகாவாட் இயந்திரங்கள் நிற்கின்றன. இன்று நூறு மீட்டருக்கு மேல் மூன்று மெகாவாட் இயந்திரம் வைக்கலாம். மாற்றுவதற்காக 2024-இல் மாநில அரசு ஒரு கொள்கையையும் வெளியிட்டது. ஆனால் பழையதைக் கழற்றினால் பழைய சேமிப்புச் சலுகையும் போய்விடுமோ என்ற அச்சமும், பத்துப் பேருக்குச் சொந்தமான சிறு மனைகளில் ஒரு பெரிய இயந்திரம் வைத்தால் வருவாயை எப்படிப் பிரிப்பது என்ற தகராறும் உரிமையாளர்களைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. நிலம், கணக்கு, துணை மின்நிலையம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேசித் தீர்க்கக்கூடிய இடத்தில் மின்வாரியம் மட்டுமே இருக்கிறது. பசுமை ஆற்றலுக்கென்று தனிக் கழகம் வந்ததன் பயனை இந்த ஒன்றில் காட்டினாலே போதும் என்பேன்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். விண்ணப்பிக்கும் முன் மூன்று காரியங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். மானியம் இணைப்பின் பெயருக்கும் வங்கிக் கணக்கின் பெயருக்கும் பொருந்தித்தான் வரும். அனுமதிக்கப்பட்ட மின்பளு 2 கிலோவாட் என்று இருந்து நீங்கள் 3 கிலோவாட் வைக்கப் போகிறீர்கள் என்றால் பளு உயர்வும் அதற்கான கட்டணமும் சேர்ந்து வரலாம். மூன்றாவது, உங்கள் வீட்டுக்கு வரும் மின்மாற்றி எத்தனை கே.வி.ஏ. திறன் கொண்டது, அதில் ஏற்கெனவே எத்தனை கூரைகள் இணைந்திருக்கின்றன என்று பிரிவு அலுவலகத்தின் உதவி மின் பொறியாளரிடம் கேளுங்கள். 10 கிலோவாட்டுக்குள் அவர் உங்களை மறுக்க முடியாது என்றாலும், அந்த எண்ணைத் தெரிந்துகொண்டால், நடுப்பகலில் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடும் நாளில் யாரிடம் எதைக் கேட்டு எழுதிக்கொடுப்பது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.